தொட்டிலே இல்லாத விமானத்தில் தொட்டிலுக்குக் காசு வாங்கிவிட்டார்கள்

விமானத்தை விட்டு இறங்கி இன்னும் ஒரு நாள்கூட ஆகவில்லை. பாப்பா இப்போதுதான் தூங்கினாள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் நானே 'போனால் போகட்டும்' என்று விட்டுவிடுவேன், என் சுபாவம் அப்படி.

இரவு விமானம். 9 மாதக் கைக்குழந்தை, 4 வயதுப் பையன், நாங்கள் இரண்டு பேர். பிள்ளைகளால் அக்கம்பக்கத்தில் உட்காருபவர்களின் தூக்கம் கெடக் கூடாது என்பதுதான் என் பெரிய கவலை. அதனால்தான் டிக்கெட் விற்கும் ஒரு செயலியில் 'குடும்பத் தொகுப்பு' என்று பார்த்ததும் விழுந்துவிட்டேன். முன்வரிசையில் மூன்று இருக்கையும் அடுத்தடுத்து, எதிர்ச்சுவரில் பாப்பாவுக்குத் தொட்டில். சந்தேகத்துக்குச் சாட்டிலும் கேட்டேன். "நிச்சயமாக உண்டு மேடம், உறுதி செய்துவிட்டோம். குழந்தையின் எடை எவ்வளவு?" என்று பதில் வந்தது. அந்தக் கேள்வியில்தான் நான் ஏமாந்தேன். தொட்டில் தாங்கும் எடைக்கு வரம்பு உண்டு என்று எனக்குத் தெரியும். எடையைக் கேட்டுக் குறித்துக்கொள்கிறவர்கள் சரியாகத்தான் செய்வார்கள் என்று நினைத்துப் பணத்தைக் கட்டினேன்.

செக்-இன் கவுண்டரில் போர்டிங் பாஸைப் பார்த்தால் எனக்கு 14ஆவது வரிசை, அவருக்கு 22, பையனுக்கு 27. நாலு வயதுப் பிள்ளை தனியாக! பாப்பாவின் பெயர் டிக்கெட்டிலேயே இல்லை. மடியில் வரும் குழந்தையென்றாலும் பெயர் ஏறியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஏற்ற மாட்டார்கள். அங்கேயே அவளுக்குத் தனியாகக் கட்டணம், பையனை அப்பா பக்கத்தில் உட்கார வைக்க இன்னொரு கட்டணம். செயலிக்குக் கட்டியதையும் சேர்த்தால் என் அரை மாதச் சம்பளம் போய்விட்டது.

தொட்டில் என்ன ஆச்சு என்று கேட்டேன். "மேடம், இந்த விமானத்தில் தொட்டில் மாட்டவே வழி கிடையாது" என்றார் கவுண்டரில் இருந்த பெண். நடுவில் ஒரே ஒரு நடைபாதை உள்ள சின்ன விமானம். இல்லாத கொக்கியில் தொட்டிலை மாட்டி எனக்கு விற்றிருக்கிறார்கள்.

உள்ளே எனக்கு நடு இருக்கை. ஜன்னலோரம் இருந்தவரிடம் மாறி உட்கார முடியுமா என்று கேட்டேன், முடியாது என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, அவரும் காசு கொடுத்துத்தானே அந்த இடத்தை வாங்கியிருப்பார். இரண்டு வரிசை தள்ளி ஒரு பெண் தானாகவே எழுந்து தன் இடத்தைத் தருவதாகச் சொன்னார். பணிப்பெண் விடவில்லை. அந்தப் பக்கத்து மூன்று இருக்கையில் ஏற்கெனவே ஒரு கைக்குழந்தை இருந்ததாம். கூடுதல் ஆக்சிஜன் முகமூடி ஒன்றுதான், இரண்டு குழந்தைக்கு இடமில்லை. நியாயம்தான், என்ன சொல்வது?

விமானம் கீழே இறங்கத் தொடங்கியதும் பாப்பா வீறிட்டாள். காது அடைத்திருக்கும். அந்த நேரத்தில் எதையாவது சப்பி விழுங்கினால் அடைப்பு விடும். ஆனால் பால் புட்டி இருந்த பை 22ஆவது வரிசையில் அவரிடம். பெல்ட் விளக்கு எரிகிறது, எழ முடியாது. தரை தொடும்வரை அழுதாள். போதாததற்கு நடைபாதை ஓரம் இருந்த அம்மாவின் சட்டைக் கையில் கக்கிவிட்டாள். அவர் துடைத்துக்கொண்டே "பரவாயில்லை" என்றார், இரண்டு முறை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. திரும்பிப் பார்த்த அத்தனை பேரும் என்னைத்தான் முறைத்தார்கள். அந்தச் செயலியை யார் முறைப்பது?

இறங்கியதும் சாட்டைத் திறந்தேன். விமான நிறுவனத்தைக் கேளுங்கள் என்றார்கள். அங்கே கேட்டால், "எங்களுக்கு இப்படி ஒரு கோரிக்கையே வரவில்லை, வாங்கிய இடத்தில் கேளுங்கள்." திரும்பி வந்தால், தொகுப்பு என்பது 'கோரிக்கை மட்டுமே, உத்தரவாதம் அல்ல' என்று விதிமுறையில் இருக்கிறதாம். அப்புறம் எதற்கு 'உறுதி செய்துவிட்டோம்' என்றீர்கள் என்று ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினேன். பதிலுக்கு ஒரு தள்ளுபடிக் கூப்பன் வந்தது. அதே குடும்பத் தொகுப்புக்கு! அரை மாதச் சம்பளத்துக்கு ஒரு கூப்பன்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. எங்கே டிக்கெட் வாங்கினாலும் அன்றைக்கே பி.என்.ஆர். எண்ணை வைத்து விமான நிறுவனத்திடமே பேசுங்கள். குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா, அந்த விமானத்தில் தொட்டில் உண்டா, இரண்டையும் கேளுங்கள். பால் புட்டி உங்கள் காலடியில் இருக்கட்டும். பயணத்துக்கு நடுவில் பிள்ளைக்கு 2 வயது முடிந்தால் திரும்பும்போது தனி இருக்கை வாங்க வேண்டும், அதையும் இவர்கள் சொல்ல மாட்டார்கள்.

திரும்பி வரும் டிக்கெட்டும் இவர்களிடம் வாங்கியதுதான். இன்று காலை விமான நிறுவனத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். அதிலும் பாப்பா பெயர் இல்லை.