டிராக்கன்ஸ்பெர்க்கில் பல வருடம் கழுத்தில் தொங்கிய காம்பஸ்: புதிதாக மலையேறுகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்து டிராக்கன்ஸ்பெர்க் மலைக்குப் போகிற நம் பிள்ளைகள் பலர் போனை மட்டும் நம்பிப் போகிறார்கள். கோடை மதியத்தில் மூடுபனி இறங்கினால் பாதையே தெரியாது, குளிரில் போன் பேட்டரியும் சீக்கிரம் தீரும். அதனால் காம்பஸ் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது முகம் பார்க்கும் கண்ணாடி மூடி போட்ட சூன்டோ எம்சி-2 காம்பஸ், உலகின் எந்தப் பகுதியிலும் வேலை செய்யும் குளோபல் ஊசி உள்ளது. பல வருடமாகக் கூடவே வருகிறது, எனக்கு முழுத் திருப்தி. வாங்கும்போது முதலில் ஊசியைப் பாருங்கள். வடக்கு அரைக்கோளத்துக்காகச் சமன் செய்த ஊசி நம் பக்கம் ஒரு முனை தாழ்ந்து உள்ளே உரசும். வெளிநாட்டில் இருந்து உறவினர் வாங்கி வந்த ஒன்று என் தம்பியிடம் இருந்தது, மட்டமாகப் பிடித்தால் நகரவே நகராது.

அடுத்தது விலகல், அதாவது ஊசி காட்டும் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள கோண வித்தியாசம், அதைத் திருத்தும் வசதி. இங்கே உயிரே அதில்தான் இருக்கிறது. நம் மலையில் ஊசி உண்மை வடக்கில் இருந்து சுமார் 25 டிகிரி மேற்கே தள்ளிக் காட்டும். இங்கிலாந்து வீடியோக்களில் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள், அங்கே இப்போது விலகல் பூஜ்யத்தை ஒட்டி இருப்பதால் அவர்களுக்கு அது சரி. நாம் அப்படி விட்டுவிட்டு 1 கிலோமீட்டர் நடந்தால், சேர வேண்டிய இடத்தில் இருந்து 400 மீட்டருக்கு மேல் விலகி நிற்போம், அதுவும் செங்குத்துப் பாறை விளிம்புகள் உள்ள மலையில்.

மேப்பில் எடுத்த கோணத்தோடு (வடக்கில் இருந்து கடிகார முள் திசையில் அளப்பது) 25 கூட்டி நடக்க வேண்டும், சிகரத்தைப் பார்த்து எடுத்த கோணத்தை மேப்பில் வைக்கும்போது 25 கழிக்க வேண்டும். எம்சி-2ல் சின்னச் சாவியால் ஒருமுறை திருகி வைத்தால் இந்தக் கணக்கே வேண்டாம். சரியான எண் 1:50,000 மேப்பின் ஓரத்தில் வருடாந்திர மாற்றத்தோடு அச்சிட்டிருக்கும், பழைய மேப் என்றால் அந்த மாற்றத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

பழக டிராக்கன்ஸ்பெர்க்கின் மான்க்ஸ் கவுல் பக்கம் நல்ல இடம். வானம் தெளிந்த நாளில் லிட்டில் பெர்க் என்னும் தாழ்வான மேட்டின் மேலே நின்று கேத்கின் பீக் சிகரத்துக்கு ஒரு கோணம், வேறு திசையில் நன்றாகத் தெரியும் இன்னொரு உச்சிக்கு ஒரு கோணம் எடுத்து மேப்பில் இரண்டு கோடு போடுங்கள், வெட்டும் இடம்தான் நீங்கள் நிற்கும் இடம். காம்பஸைப் பாறைமேல் வைக்காமல் கையில் பிடியுங்கள், மேலே இருக்கிற எரிமலைப் பாறையில் இரும்புச் சத்து உண்டு, ஊசியை இழுக்கலாம். காந்த மூடி போட்ட போன் உறையோடு ஒரே பையில் போடவே கூடாது, ஊசியின் முனைகளே மாறிப்போகலாம். கோடை என்றால் விடிந்ததும் கிளம்பிவிடுங்கள், மதியத்துக்குப் பிறகு இடிமழை வரும்.