டிஸ்க் மாற்றாமலே சரிசெய்து கொடுத்த ஹட்டன் கடை

தலவாக்கலையில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், சடங்கு, தோட்டத்துக் கோயில் திருவிழா என்று படங்கள் ஆயிரக்கணக்கில் சேரும். ஆல்பத்துக்கு எடுத்தது போக மிச்சத்தை அழித்தால்தான் அடுத்த கல்யாணத்துக்கு லெப்டொப்பில் இடம் இருக்கும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிகிறது என்றார்கள், 11க்கு மாறினேன். அன்றிலிருந்து அழிப்பதே பெரும்பாடு. முன்பு ஒரு நிமிடத்தில் போன ஃபோல்டர், எண்ணிக்கொண்டே முக்கால் மணி நேரம் நின்றது.

பக்கத்தில் ஒரு கடையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல், "ஹார்ட் டிஸ்க் போச்சு, மாத்தணும்" என்றார்கள். கையில் காசு இல்லாததால்தான் தப்பித்தேன். அப்புறம் மச்சான் சொல்லி, ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மாடியில் இருக்கும் சின்னக் கடைக்குப் போனேன்.

அங்கிருந்த தம்பி முதலில் கேட்டது, "மாறி எத்தனை நாளாச்சு அண்ணே?" பன்னிரண்டு நாள் என்றேன். பத்து நாளைக்குள் என்றால் பழையதற்கே திரும்பியிருக்கலாமாம். சரி என்று, எதிலும் கை வைக்கும் முன் என் படங்களை எல்லாம் வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்தார். அதிலிருந்து ஒரு தாலி கட்டும் படத்தைத் திறந்து, "தெளிவா இருக்கா, பாருங்க" என்று திரையை என் பக்கம் திருப்பினார். அந்தப் படம் போயிருந்தால் அந்தக் குடும்பத்துக்கு என்ன பதில் சொல்வேன்? அந்த இடத்திலேயே எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் மென்பொருளில் குறை எதுவும் இல்லை. அடுத்து லெப்டொப்பை, அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில் திறந்து, அதே அளவு படங்கள் உள்ள ஒரு ஃபோல்டரை அழித்தார். சில நொடிகளில் போய்விட்டது. "டிஸ்க் நல்லா இருக்கு அண்ணே. பின்னால ஓடுற ஏதோ ஒண்ணுதான் பிடிச்சு இழுக்குது" என்றார்.

இழுத்தவை இரண்டு. மாறும்போது படங்கள் ஃபோல்டர், இணையத்தில் பிரதி வைக்கும் கிளவுட் பேக்கப்பில் தானாகவே சேர்ந்திருக்கிறது. ஒரு படத்தை அழித்தால் அந்தச் செய்தி இணையத்துக்கும் போக வேண்டும். என் டேட்டா ஒரு வாரத்தில் தீர்ந்ததற்கும் அதுதான் காரணம். இன்னொன்று, பாதி நீங்கி பாதி ஒட்டிக்கொண்டிருந்த பழைய அன்டிவைரஸ். அதுவும் விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பும் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே சோதித்திருக்கின்றன. பேக்கப்பை நிறுத்தி, பழையதை முழுதாகக் கழற்றியதும் பழைய வேகம் வந்துவிட்டது. கறுப்புத் திரையில் கட்டளை அடித்து இன்னும் வேகமாக அழிக்கவும் காட்டித் தந்தார். ஆனால் அப்படிப் போனது ரீசைக்கிள் பின்னுக்கு வராது என்று இரண்டு தரம் எச்சரித்தார்.

கூலி 1,500 ரூபா. பில்லைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது, அதைத் தானாகவே கொடுத்தால் நல்லது. படிக்கட்டு ஒடுக்கம், மழை நாளில் வழுக்கும். வேலை முடிய மூன்று மணி நேரம் ஆனது, ஆனாலும் ஒவ்வொன்றையும் என் கண் முன்னாலேயே செய்தார்.

போவதாக இருந்தால் சார்ஜரையும் கையோடு கொண்டுபோங்கள். போயா (பௌர்ணமி விடுமுறை) அன்று கடை பூட்டு.