பேட் மாற்றியாச்சு என்று சொன்னாலும் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள்

பொன்முடியிலிருந்து இறங்கும் வழியில், 22 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக்கூடத் தாண்டாத நேரத்தில், என் காரின் பிரேக் பெடல் தரைவரை போனது. கார் நிற்கவில்லை. உள்ளே நானும் என் மச்சினனும் அவனுடைய நண்பனும் இருந்தோம். மூன்று பேரும் உயிரோடு வீடு வந்து சேர்ந்தோம், அதனால்தான் இதை எழுத முடிகிறது. அந்தப் பயணத்துக்கு 12 நாள் முன்புதான் பிரேக் வேலைக்கு என்று 11,200 ரூபாய் கொடுத்திருந்தேன்.

வேலை செய்த இடம் நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையே இருக்கிறது. இப்போது புகார் கொடுத்திருப்பதால் பெயரை எழுதவில்லை. பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கடந்த ஒரு வருடத்தில் எங்கே பிரேக் பேட் மாற்றியிருந்தாலும் இதை முழுக்கப் படித்துவிடுங்கள். சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டான டிஸ்க்கை இறுக்கிப் பிடித்துக் காரை நிறுத்தும் துண்டுதான் பேட்.

என்னுடையது 2018 பெட்ரோல் ஸ்விஃப்ட். கார் என்றால் சின்ன வயதிலிருந்தே எனக்கு உயிர். எங்கள் பக்கத்தில் அப்படி ஏழெட்டுப் பேர் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு முப்பந்தல் காற்றாலைகள் வரை போய்ச் சாயா குடித்துவிட்டுத் திரும்புவோம், இல்லையென்றால் வெள்ளறடை வழியாகப் பொன்முடி. கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நம் சொந்தக் காரையே ஓட்டிப் பார்க்க விடும் டிராக் டே ஒன்றுக்குப் போக வேண்டும் என்பது எங்கள் வெகுநாள் ஆசை. கரிவரதன் பெயரில் இருக்கும் அந்தத் தடத்தில் ஒரு நாளாவது ஓட்ட வேண்டும் என்று நினைக்காத கார் பிரியர் தமிழ்நாட்டில் குறைவு. டிராக்கில் ஓட்டுவதற்கு எஞ்சின் சக்தியைக் கூட்டுவதற்கு முன் பிரேக்கைச் சரி செய்ய வேண்டும் என்பது விஷயம் தெரிந்த எல்லாரும் சொல்வது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய சூடு நான்கு மடங்காகும். அதனால் நான் முதலில் பிரேக்கைத்தான் கவனித்தேன்.

அந்தக் கடை பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும். ஏசி போட்ட கண்ணாடி அறை, சுவரில் ரேஸ் ஓடும் டிவி, ஹெல்மெட் படங்கள். உரிமையாளர் என்னைவிட இளையவர், மரியாதையாகப் பேசுவார். "அண்ணா, இது வெளிநாட்டுப் பேடு, 600 டிகிரி தாங்கும், கேட்டியளா. ஆயிலும் டாட் 5.1 மாத்திருவோம். நீங்க கவலைப்படாண்டாம்" என்றார். டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு. முன் சக்கரங்களுக்குப் பேட் 8,500, பிரேக் ஆயில் 1,200, கூலி 1,500. பெட்டியைக் காட்டினார். ஒரு பெரிய கம்பெனியின் பெட்டி, ஹாலோகிராம் ஒட்டியது. போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னார், எடுத்துக்கொண்டேன். வேலை நடக்கும் இடத்துக்கு நானும் வருகிறேன் என்றபோது மட்டும், "உள்ள கஸ்டமர விட மாட்டோம் அண்ணா, சேஃப்டி" என்று தடுத்தார். ஒன்றரை மணி நேரம் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தேன். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் 'பிரேக் வேலை' என்று எழுதித் தொகையைப் போட்டுக் கொடுத்தார். பழைய பேடைக் கேட்டேன், குப்பையில் போட்டாச்சு என்றார். புதுப் பேடைப் பதப்படுத்த எப்படி ஓட்ட வேண்டும் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் வேண்டாம், நேரா ஓட்டலாம்" என்றார்.

அந்தப் பதிலிலேயே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். எந்த நல்ல பேடையும் போட்ட கையோடு பதப்படுத்த வேண்டும். ஆளில்லாத ரோட்டில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20 வரை, முழுதாக நிறுத்தாமல், எட்டுப் பத்து முறை மெல்ல மெல்லப் பிரேக் பிடித்து, பிறகு கொஞ்ச தூரம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிட வேண்டும். அப்போதுதான் பேடின் பொருள் டிஸ்க்கில் ஒரே சீராகப் படியும். பெர்ஃபார்மன்ஸ் பேட் விற்கிற ஒருவருக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை.

பொன்முடிக்குப் போனது ஒரு ஞாயிறு. மேலே நல்ல மூடுபனி, 40-க்கு மேல் யாரும் ஓட்ட முடியாது. இறங்கும்போது நான் மூன்றாம் கியரில் வந்தேன், வளைவுக்கு முன் இரண்டு. கேரள அரசு பஸ் டிரைவர்கள் போல முழுக்க இரண்டிலேயே இறங்கியிருக்க வேண்டும், அது என் தவறு. ஆனால் கம்பெனியில் வந்த பேடோடு இதே இறக்கத்தை இதே மாதிரி ஏழெட்டு முறை இறங்கியிருக்கிறேன். ஒரு தடவைகூடப் பிரேக் மணத்தது கிடையாது.

ஐந்தாறு வளைவு தாண்டியதும் மச்சினன், "அத்தான், என்னமோ கரியுது" என்றான். கண்ணாடியை இறக்கினேன். டயர் கருகுவது போலவும் இல்லை, கிளட்ச் போலவும் இல்லை, பிளாஸ்டிக்கையும் பசையையும் சேர்த்து எரித்த வாடை. அடுத்த வளைவில் பெடல் கல் மாதிரி இருந்தது, ஆனால் எவ்வளவு அழுத்தியும் கார் பிடிக்கவில்லை. ஓரம் கட்ட இடம் தேடினேன். ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, இன்னொரு பக்கம் பள்ளம். அதற்கடுத்த வளைவுக்கு முன்னால் பெடல் பஞ்சு போல ஆகி, கால் அப்படியே கீழே போனது. எதிரே கீழிருந்து பஸ் ஏறி வரும் சத்தம். இரண்டாம் கியர் போட்டேன், கார் முன்னால் குத்தியது. பெடலை நாலைந்து தடவை பம்ப் செய்தபோது கொஞ்சம் பிடி கிடைத்தது. ஹேண்ட் பிரேக்கின் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே சிறிது சிறிதாகத் தூக்கினேன். ஒரே இழுப்பாக இழுத்திருந்தால் அந்த ஈர ரோட்டில் பின்பக்கம் சுற்றியிருக்கும். முதல் கியருக்கு இறக்கி, மலைப்பக்க ஓடையில் இடது சக்கரத்தை இறக்கி நிறுத்தினேன். பஸ் எங்களைத் தாண்டிப் போனது. மச்சினன் ஒன்றுமே பேசவில்லை. டாஷ்போர்டைப் பிடித்திருந்த கையை அவன் எடுக்க வெகுநேரம் ஆயிற்று.

அன்று நடந்தது ஒன்றல்ல, இரண்டு. பெடல் கெட்டியாக இருந்தும் கார் பிடிக்கவில்லை என்றால் பேட் தோற்றுவிட்டது என்று அர்த்தம். மட்டமான பேடில் இருக்கும் பசை சூட்டில் ஆவியாகி, பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் நின்று வழுக்கும். பெடல் பஞ்சாகிக் கீழே போனால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. ஆயிலை அழுத்தினால் அழுத்தம் சக்கரத்துக்குப் போகும். அதில் ஆவிக் குமிழ் வந்துவிட்டால் நாம் அழுத்துவது வெறும் காற்றைத்தான். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரையாவது தாங்க வேண்டும். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரிதான் கணக்கு. டாட் 5.1 என்றால் புதிதில் 260, ஈரம் ஏறிய பின் 180. இரண்டு பருவமழையும் கடல் காற்றும் சேர்ந்த நம் மாவட்டத்தில் ஆயில் சீக்கிரம் ஈரம் ஏறும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். எனக்குப் புரியாதது ஒன்றுதான்: 12 நாள் முன்பு போட்ட புது டாட் 5.1 எப்படி இவ்வளவு சீக்கிரம் கொதித்தது?

அதற்குப் பதில் தக்கலைப் பக்கம் இருக்கும் ஒரு பழைய ஒர்க்‌ஷாப்பில் கிடைத்தது. அங்கே உள்ள மெக்கானிக் ஆசானுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். சக்கரத்தைக் கழற்றி, என்னையும் பக்கத்தில் குந்தவைத்து, டார்ச் அடித்துக் காட்டினார். பேடை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பரின் பின்னால் ஆயில் திறந்துவிடும் நிப்பிள் இருக்கும். அதன் ரப்பர் மூடி இல்லை. நிப்பிளின் துவாரத்தில் செம்மண் அப்பிக் காய்ந்து கிடந்தது, சுற்றிலும் துரு. ஸ்பேனர் பட்ட தடமே கிடையாது. "மக்களே, இத எவனும் தொடவே இல்ல. ஏர் எடுக்காம ஆயில் எப்பிடி மாத்துனான்?" என்றார். ஏர் எடுப்பது என்றால் நிப்பிளைத் திறந்து பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றுவது. பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து ஒரு சொட்டு எடுத்து வெள்ளைத் துணியில் விட்டார். புது ஆயில் ஏறக்குறைய நிறமில்லாமல், லேசான மஞ்சளாக இருக்கும். இது பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் இருந்தது. நான்கு வருடத்துப் பழைய ஆயிலுக்கு 1,200 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

பிறகு பேட். பின் தகட்டில் கம்பெனிப் பெயர் இல்லை, எண் இல்லை, பிரஷ்ஷால் தடவிய கறுப்புப் பெயிண்ட் மட்டும். ஆசான் நகத்தால் ஒரு மூலையைச் சுரண்டியதும் பெயிண்ட் உரிந்து, அடியில் பழைய துரு தெரிந்தது. ஏற்கெனவே ஒரு காரில் தேய்ந்து முடிந்த தகட்டில் புதிதாக லைனிங்கை, அதாவது டிஸ்க்கில் உரசும் பகுதியை, ஒட்டியிருக்கிறார்கள். வலது பக்கத்துப் பேடில் அந்த லைனிங் ஒரு ஓரத்தில் தகட்டை விட்டு வாய் பிளந்திருந்தது. என் விசிட்டிங் கார்டை உள்ளே விட்டுப் பார்த்தேன், பாதி போயிற்று. இன்னும் ஓரிரு வளைவு தாண்டியிருந்தால் லைனிங் முழுதாகக் கழன்று, இரும்பும் இரும்பும்தான் உரசியிருக்கும்.

அன்று இரவே நண்பர்களுக்குப் படங்களை அனுப்பினேன். எங்களில் இன்னும் இரண்டு பேர் அதே கடையில் பேட் மாற்றியவர்கள். அவர்களிடமும் பெட்டியின் போட்டோ இருந்தது. மூன்று போட்டோவையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது எனக்கு உடம்பு சில்லிட்டது. மூன்றிலும் ஒரே பேட்ச் எண் (தயாரிப்புத் தொகுதி எண்), வலது மேல் மூலையில் ஒரே கிழிசல். ஒரே பெட்டியை மூன்று பேருக்கும் காட்டியிருக்கிறார். அவர்களில் ஒருவர் அடுத்த வாரம் குழந்தைகளோடு மூணாறு போக இருந்தார்.

மறுநாள் கடைக்குப் போனேன். கத்தவில்லை, பேடை மேஜைமேல் வைத்தேன். "அண்ணா, நீங்க ஓட்டுன ஓட்டுக்கு எந்தப் பேடும் நிக்காது" என்றார். நிப்பிளின் படத்தைக் காட்டினேன். "பையன் விட்டிருப்பான்" என்றார். மூன்று பெட்டிப் படங்களைக் காட்டியதும் குரல் தணிந்தது. 3,000 ரூபாய் தருகிறேன், வெளியே சொல்ல வேண்டாம் என்றார். வாங்கவில்லை. பணத்தைக்கூட விட்டுவிடலாம், டிஸ்க் இரண்டும் சூட்டில் நீலம் பாரித்து மாற்ற வேண்டியதாயிற்று, அதையும் விட்டுவிடலாம். பிரேக்கில் ஏமாற்றுகிறவர் ஒருவருடைய உயிரை வைத்து விளையாடுகிறார், அதை மூடிவைக்க என்னால் முடியாது.

அந்தக் கடையில் ரீமேப்பும், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றிச் சக்தி கூட்டும் வேலையும், செய்கிறார்கள். நண்பர் ஒருவர் டர்போ இல்லாத பெட்ரோல் காருக்கு 18,000 கொடுத்து 'ஸ்டேஜ் ஒன்' என்ற முதல் நிலை ரீமேப் போட்டார். டர்போ இல்லாத எஞ்சினில் ரீமேப் செய்து கிடைப்பது மிகச் சொற்பம். அதையும் இப்போது சந்தேகிக்கிறோம். வாரண்டி போகும் என்பது தனி.

இனி பேட் மாற்றப் போகிறவர்களுக்கு. வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள், நிற்க விடாத இடத்தில் வண்டியை விடாதீர்கள். பெட்டியை நம்பாமல் பேடைக் கையில் வாங்கிப் பாருங்கள். நல்ல பேட்களின் பின் தகட்டிலோ லைனிங்கின் ஓரத்திலோ தயாரிப்பாளர் பெயரோடு பெரும்பாலும் ஒரு குறியீடும் அச்சாகியிருக்கும், அதன் கடைசியில் எஃப்எஃப் அல்லது ஜிஜி போல இரண்டு எழுத்து வரும். முதல் எழுத்து குறைந்த சூட்டில் எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு, இரண்டாவது அதிகச் சூட்டில். எஃப் என்றால் உராய்வு 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. இந்த எழுத்து தரத்துக்கு முழு உத்தரவாதம் ஆகாது, ஆனால் தகட்டில் எதுவுமே இல்லாத பேடை வண்டியில் ஏற்றவே விடாதீர்கள். ஆயில் பாட்டிலைச் சீல் உடைக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள், நான்கு சக்கரத்திலும் ஏர் எடுப்பதை நின்று பாருங்கள். கழற்றிய பேடைக் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் பொருள்.

பில் விஷயம் இன்னும் முக்கியம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளுக்கோ சேவைக்கோ பில் கொடுக்காததே நியாயமற்ற வணிக நடைமுறை. எனக்குச் சரியான பில் இல்லை, ஆனால் பணத்தை போனில் அனுப்பியதற்குத் தடம் இருக்கிறது. துண்டுச் சீட்டு, பெட்டிப் படங்கள், ஆசான் எழுதிக் கொடுத்த குறிப்பு எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசினேன், பிறகு கடைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். பதில் வரவில்லை. இப்போது நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். மற்ற இரண்டு நண்பர்களும் தனித்தனியாகக் கொடுக்கிறார்கள்.

மூணாறு போக இருந்த நண்பர் பயணத்தைத் தள்ளிவைத்து, தக்கலை ஆசானிடம் போய் சக்கரத்தைக் கழற்றினார். அவர் பேடிலும் அதே பிரஷ் பெயிண்ட். அந்தக் கடைப் பெட்டியின் போட்டோ உங்கள் போனிலும் இருந்தால் வலது மேல் மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். கிழிசல் இருந்தால் வண்டியை இன்று எடுக்க வேண்டாம், எனக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள்.