'டேங்க் ப்ரீட்' என்று சொல்லி விற்றது கடலில் பிடித்த க்ளவுன் ஜோடி: மரைன் டேங்க் வைப்பவர்கள் கவனத்துக்கு

போன மாதம் 4,200 ரூபாய் கொடுத்து ஒரு க்ளவுன் (கோமாளி மீன்) ஜோடியும், அவை குடியிருக்க ஒரு அனிமோனும் (பூப்போல விரிந்து ஓரிடத்தில் ஒட்டி வாழும் கடல் உயிர்) வாங்கினேன். "நூறு பர்சன்ட் டேங்க் ப்ரீட்", அதாவது தொட்டியிலேயே பிறந்து வளர்ந்தவை, என்று சொல்லி விற்றார்கள். ஐந்தாம் நாள் மூன்றில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. அவை கடலில் பிடித்தவை என்பது செத்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஆனால் அதற்கான அடையாளங்கள் எல்லாம் முதல் நாளிலிருந்தே என் கண் முன்னால் இருந்தன. இன்னொருவர் அதே இடத்தில் ஏமாறக் கூடாது என்றுதான் விரிவாக எழுதுகிறேன். விற்றவர் பெயரை இங்கே போடவில்லை.

நான் இருப்பது மதுரை. பத்து வருடமாக நன்னீர் மீன் வளர்க்கிறேன். நன்னீரில் நாம் வாங்குகிற மீன் பெரும்பாலும் யாரோ ஒருவர் தொட்டியில் குஞ்சு பொரித்து வளர்த்தது. சென்னை கொளத்தூர் பக்கம் சிமென்ட் தொட்டியில் பிறந்த மீன்தான் பாலித்தீன் பையில் ஏறி நம் ஊருக்கு வருகிறது. அந்தப் பழக்கத்திலேயே கடல் மீனையும் பார்த்துவிட்டேன். கடல் மீன் வியாபாரம் தலைகீழ். கண்ணாடித் தொட்டிக்கு வருவதில் மிகப் பெரும்பாலானவை இன்றும் பாறை இடுக்கிலிருந்து வலைபோட்டு எடுத்தவை. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கண்காணிப்பு மையம் 2003-இல் வெளியிட்ட கணக்குப்படி உலகம் முழுக்க ஆண்டுக்கு 2 கோடி முதல் 2.4 கோடி கடல் அலங்கார மீன்கள், 1,471 வகைகளில், கைமாறின. அதில் முட்டையிலிருந்து வளர்த்து விற்கப்பட்டவை மிகச் சில வகைகள்தான்.

அந்தச் சில வகைகளில் முதலிடம் க்ளவுனுக்கு. அதனால்தான் என் முதல் மரைன் டேங்க்குக்கு அதைத் தேர்ந்தெடுத்தேன். கடலிலிருந்து ஒரு உயிரையும் எடுக்காமல் தொட்டி வைக்க வேண்டும் என்பது என் ஆசை. பாறைகூட செராமிக்தான் போட்டேன். சுமார் 190 லிட்டர் தொட்டி, ஆர்.ஓ. தண்ணீர், பாக்கெட் உப்பு. மூன்று மாதம் மீனே விடாமல் தண்ணீரை மட்டும் ஓடவிட்டுத் தயார் செய்தேன்.

வாட்ஸ்அப்பில் முதல் கேள்வியாகவே கேட்டேன்: "அண்ணே, இது வைல்டா, ப்ரீடா?" பதில் உடனே வந்தது: "நம்மகிட்ட எல்லாமே டேங்க் ப்ரீட்தான் ப்ரோ. வைல்டு நாங்க தொடுறதே இல்ல." ஏழு வினாடி வீடியோ ஒன்றும் வந்தது. கறுத்த உடம்பு, இரண்டு வெள்ளைப் பட்டை, மஞ்சள் வால். க்ளவுனில் செபே என்ற வகை. பெரியது அரைச் சாண் நீளத்துக்குக் கொஞ்சம் மேல், சின்னது அதில் முக்கால்வாசி. இரண்டும் ஒரு கார்ப்பெட் அனிமோனின் மேல் உரசிக்கொண்டிருந்தன. "பாண்டட் பேர் (ஜோடி சேர்ந்தது) ப்ரோ, அனிமோனோட சேத்து எடுத்தா ரேட் கம்மி." மூன்று மாதத் தொட்டியில் அனிமோன் தாங்குமா என்று கேட்டேன். தாராளமாகத் தாங்கும் என்றார். அனிமோனுக்கு நீண்ட நாள் ஓடிப் பக்குவப்பட்ட தொட்டி, வலுவான விளக்கு இரண்டும் வேண்டும் என்று படித்திருந்தும், விற்கிறவர் சொன்னதை நம்பினேன். அது என் தவறு.

மாட்டுத்தாவணி ஆம்னி பஸ் ஸ்டாண்டில் காலை ஆறு மணிக்குத் தெர்மாகோல் பெட்டியைக் கையில் வாங்கினேன். பை திறந்ததும் கண்ணில் பட்டது சின்ன மீனின் வால். ஓரம் கிழிந்து நூல் நூலாக இருந்தது. பெரிய மீனின் பக்கவாட்டில் ஆறிப்போன வெள்ளைக் கோடு ஒன்று. பயணத்தில் உரசியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அனிமோனின் அடிப்பாதம் ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. 'ப்ரீட்' மீன்தானே, நோய் எங்கிருந்து வரும் என்று தனித்தொட்டியில் வைத்துப் பார்க்காமல் நேராக விட்டேன்.

முதல் இரண்டு நாள் தீனியைத் தொடவில்லை. பெல்லட் மூக்குக்கு முன்னால் மிதந்து போனாலும் திரும்பிப் பார்க்கவில்லை. உறைய வைத்த ஆர்டீமியா (மீன் தீனிக்கான பொடி இறால் வகை) போட்டேன், அதையும் துப்பின. மூன்றாம் நாள் காலை பெரிய மீனின் தோல்மேல் வெண்மையாகச் சளி படர்ந்திருந்தது. தண்ணீர் மட்டத்துக்கு வந்து செவுள் படபடக்க மூச்சு வாங்கியது. விற்றவருக்குப் படம் அனுப்பினேன். "வைட் ஸ்பாட் ப்ரோ, காப்பர் மருந்து போடுங்க, சரியாயிரும்."

நல்லவேளை, மீன்வளப் படிப்பு படித்த நண்பரிடம் ஒரு வார்த்தை கேட்டேன். "தொட்டியில காப்பர் ஊத்திராத. அனிமோனும் செத்துரும், இந்த நோய்க்கு அது கேக்கவும் கேக்காது" என்றார். அது ப்ரூக்ளினெல்லா. க்ளவுன் மீன்களை, அதிலும் கடலில் பிடித்து நெருக்கமாக அடைத்து அனுப்புகிறவற்றை, அடிக்கடி தாக்கும் ஒட்டுண்ணி. ஃபார்மலின் கலந்த தண்ணீரில் அளந்து குளிப்பாட்டுவதுதான் வழக்கமான வைத்தியம். மீன்களைத் தனி டப்பில் மாற்றி அதைச் செய்தபோது காலம் கடந்துவிட்டது. நான்காம் நாள் இரவு பெரியது, மறுநாள் விடிகாலை சின்னது.

அனிமோன் அதற்கு முன்னாலேயே வாயைப் பிளந்துவிட்டது. பழுப்பாக நூல் நூலாகக் கக்கியது, வீடு முழுக்க அழுகல் நாற்றம். அனிமோன் செத்தால் மொத்தத் தொட்டியையும் கெடுத்துவிடும் என்பதால் இரவு இரண்டு மணிக்கு நானும் என் மனைவியும் வாளி வாளியாக அறுபது லிட்டர் தண்ணீரை மாற்றினோம். பாதம் கிழிந்த அனிமோன் பிழைப்பது கடினம். ஒட்டிய இடத்திலிருந்து நெம்பி எடுக்கும்போதுதான் பெரும்பாலும் அப்படிக் கிழியும்.

அவை கடலில் பிடித்தவை என்பதை என் கல்லூரித் தோழன்தான் போட்டு உடைத்தான். அவன் ராமநாதபுரம் கடற்கரை ஊர்க்காரன், வீட்டில் நாட்டுப்படகு உண்டு. படத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொன்னான் (பார் என்றால் கடலடிப் பவளப்பாறை, பூ என்றால் அனிமோன்): "இது பாருல புடிச்ச மீன் மாப்ள. இந்த ஜாதிக்குத் தூண்டிலும் வேணாம், ஒண்ணும் வேணாம். அந்தப் பூவை விட்டு ஓடாது. முங்கிப் போய்க் கைவலையில அள்ளிக்கிட்டு வந்துருவாங்க." அவன் சொன்ன இன்னொரு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. க்ளவுன் போய்விட்டால் அந்த அனிமோனை வண்ணத்துப்பூச்சி மீன்கள் கொத்தித் தின்னும். மீனுக்கு அனிமோன் காவல், அனிமோனுக்கு மீன் காவல். ஒரு ஜோடியை எடுத்தால் அந்த இடமே பாழ். நான் கொடுத்த காசு அதற்குத்தான் போயிருக்கிறது.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். குஞ்சு பொரிப்பகத்தில் வளர்ந்த க்ளவுன் மூன்று நான்கு மாதத்தில், மூன்று செ.மீ. சுமாருக்கு வளர்ந்ததும் விற்பனைக்கு வரும். பொடியாக, ஒரே அளவில், கும்பலாக இருக்கும். சிலதுக்குப் பட்டை பாதியோடு நின்றிருக்கும், கோணலாக இருக்கும். பெல்லட் விழுந்த சத்தத்துக்கே மேலே பாய்ந்து வரும். முழு வளர்ச்சியடைந்த ஜோடி அப்படி மலிவாகக் கிடைக்காது. க்ளவுன் எல்லாம் ஆணாகத்தான் வளரத் தொடங்கும், கூட்டத்தில் மேலே நிற்பது மட்டும் பெண்ணாக மாறும். தொட்டியில் பிறந்ததை வைத்து அப்படி ஒரு ஜோடி சேர்க்க மாதக்கணக்கில் தீனி போட்டுக் காத்திருக்க வேண்டும். அந்த உழைப்பைச் செய்தவர் அனிமோனையும் சேர்த்து 4,200 ரூபாய்க்குத் தரமாட்டார். ஜோடியும் அதன் அனிமோனும் ஒன்றாக வந்தால், கடலில் ஒரே இடத்திலிருந்து ஒன்றாக அள்ளியது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

விற்கிறவரிடம் பேச்சுக் கொடுங்கள். முட்டை எத்தனை நாளில் பொரிக்கும்? குஞ்சுக்கு முதல் தீனி என்ன? உண்மையிலேயே வளர்க்கிறவர் யோசிக்காமல் சொல்வார்: ஏழெட்டு நாள், விளக்கு அணைத்த பிறகு இருட்டில் பொரிக்கும், முதலில் ரோட்டிஃபர் (கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்), அப்புறம் ஆர்டீமியா குஞ்சு. மீன் முட்டையிட்டு ஒட்டிய மண் ஓட்டின் படத்தைக் காட்டச் சொன்னால் பெருமையாகக் காட்டுவார். செத்த பிறகு என் ஆளிடம் இதையே கேட்டேன். "அதெல்லாம் ட்ரேட் சீக்ரெட் ப்ரோ" என்று வந்தது. பணம் திருப்பிக் கேட்டதும், வந்து சேர்ந்த இரண்டு மணி நேரத்துக்குள் செத்தால்தான் பொறுப்பு என்றார். அதன்பின் என் எண்ணை முடக்கிவிட்டார்.

முடக்குவதற்கு இரண்டு நாள் முன்னால், மீன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோதே, அவர் அனுப்பிய இன்னொரு விலைப்பட்டியல் என்னிடம் இருக்கிறது. உயிர்ப்பவளம் ஒட்டிய 'லைவ் ராக்', கிலோ கணக்கில். கீழே கடல்குதிரை, "டேங்க் ப்ரீட், லீகல்" என்ற குறிப்போடு.

தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள். க்ளவுன் விஷயத்தில் நான் ஏமாந்தது பணமும் மனசும்தான். கடல்குதிரையிலும் பவளத்திலும் ஏமாந்தால் சிறை. பாறை உருவாக்கும் பவளங்களும், கடல் விசிறியும், எல்லா வகைக் கடல்குதிரையும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணை 1-இல் 2001-இல் சேர்க்கப்பட்டன. அதிகப் பாதுகாப்பு உள்ள உயிர்களின் பட்டியல் அது. அந்த அட்டவணையில் உள்ளவற்றுக்கு, புலி உட்பட, மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. விற்றவர் மட்டுமில்லை, வீட்டில் வைத்திருப்பவரும் மாட்டுவார். 'தொட்டியில் பிறந்தது' என்று விற்பவர் வாயால் சொன்னது உங்களைக் காப்பாற்றாது.

தோழன் சொன்ன அந்தப் பார் இருக்கும் கடலில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றி 1986-இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவை அறிவித்தார்கள். அதன் எல்லைக்குள் அனுமதியின்றி எந்த உயிரையும் எடுக்கக் கூடாது, அது க்ளவுனாகவே இருந்தாலும். சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளத்தை வெட்டி எடுத்தே பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. அந்தக் கடலில் மிச்சமிருக்கும் பவளத்தைக் கிலோ கணக்கில் விற்கிறார்கள் என்றால் எனக்கு வயிறு எரிகிறது.

வெளிநாட்டு மீனிலும் இதே ஏமாற்று நடக்க வாய்ப்புண்டு. மஞ்சள் டேங் மீனைக் கேட்பவர்கள் நிறைய. அது பெரும்பாலும் ஹவாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. சுற்றுச்சூழல் ஆய்வு செய்யாமல் தொட்டி மீன் பிடிக்க அனுமதி தரக் கூடாது என்று 2017-இல் ஹவாய் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு வரத்து சுருங்கியது. தொட்டியில் அதை வளர்த்தெடுத்த முதல் வெற்றியே 2015-இல்தான், அதுவும் பல வருட முயற்சிக்குப் பிறகு. அதனால் மலிவு விலையில் 'ப்ரீட் எல்லோ டேங்' என்று யாராவது சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். வண்ணத்துப்பூச்சி மீனை 'ப்ரீட்' என்றாலும் அப்படியே. அதில் பல வகை பவளத்தைக் கொத்தியே வாழ்பவை, தொட்டியில் பட்டினி கிடந்து சாகும்.

நம் பக்கத்திலேயே வளர்ப்பு மீனுக்கு வழி இருக்கிறது என்பதுதான் எனக்கு இன்னும் ஆற்றாமை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையமும் க்ளவுனை முட்டையிலிருந்து வளர்க்கும் முறையை எப்போதோ கைக்குக் கொண்டுவந்துவிட்டன. வாங்கும் முன் அங்கே ஒரு போன் போட்டு, யாரிடம் உண்மையான வளர்ப்பு மீன் கிடைக்கும் என்று நான் விசாரித்திருக்க வேண்டும்.

என் தொட்டி இப்போது காலி. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒட்டுண்ணி ஒழிய ஆறு வாரம் அப்படியே விடச் சொல்லியிருக்கிறார் நண்பர். கடல்குதிரை விலைப்பட்டியல், உரையாடல், பணம் அனுப்பிய ரசீது, பார்சல் சீட்டு நான்கையும் ராமநாதபுரத்தில் உள்ள கடல்சார் பூங்காவின் வனஉயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். இதே மாதிரி பட்டியல் உங்களுக்கும் வந்திருந்தால் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். எண்ணும் தேதியும் தெரிகிற மாதிரி படம் எடுத்து வைத்து, நீங்களும் அங்கே அனுப்புங்கள்.