தாத்தாவின் பட்டாளக் கதையைக் காசு கொடுத்து வாங்கி ஏமாந்தேன்

உங்கள் தாத்தா எந்தப் படையில் இருந்தார், எங்கே சண்டை போட்டார் என்று தேடித் தருவதாகச் சொல்லி யாராவது முன்பணம் கேட்டால், கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் 18,000 ரூபாய் கொடுத்த பிறகுதான் யோசித்தேன்.

இரண்டாம் உலகப் போர்ச் சிப்பாய்களைப் போல உடுத்தி, அன்றைய முகாம் வாழ்க்கையை நடத்திக் காட்டும் குழுவில் இருக்கிறேன். தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது ராணுவப் பொறியியல் படைப்பிரிவு. அவராகவே நிற்க வேண்டும் என்று ஆசை. வீட்டில் தெரிந்ததெல்லாம் ‘பர்மா சண்டைக்குப் போனவர்’ என்ற ஒரு வரிதான். இணையத்தில் கிடைத்த ஓர் ஆய்வாளரிடம் அதைச் சொன்னேன். தாத்தாவின் படை எண்ணை, அதாவது ஒவ்வொரு சிப்பாய்க்கும் கொடுக்கும் தனி எண்ணை, அவர் கேட்கவே இல்லை. அப்போதே உறைத்திருக்க வேண்டும். ஒரே பெயரில் எத்தனையோ பேர் இருந்த படை, எண் இல்லாமல் யாரைத் தேடுவது?

மூன்று வாரத்தில் கெட்டி அட்டை போட்ட கோப்பு வந்தது. 1942 பிப்ரவரி 23, பர்மாவில் பின்வாங்கிய பிரிட்டிஷ் இந்தியப் படை சிட்டாங் பாலத்தைத் தகர்த்த அன்று தாத்தா அங்கே இருந்தாராம். படைப்பிரிவின் போர் நாட்குறிப்பு என்று ஒரு பத்தி, அதில் அவர் பெயர் மூன்று முறை. உடைக்கு ஒரு படம்: பச்சைச் சட்டை, பச்சைக் கால்சட்டை. வெல்வெட் பெட்டியில், பர்மா போர்முனையில் பணியாற்றியவர்களுக்குக் கொடுத்த நட்சத்திரப் பதக்கமான ‘பர்மா ஸ்டார்’ வேறு. அம்மா அதைத் தாத்தா படத்தின் கீழே வைத்து விளக்கேற்றினார். நான் பச்சைச் சட்டை தைக்கக் கொடுத்தேன்.

எங்கள் குழுவின் மூத்தவர் கோப்பைப் புரட்டினார். “தம்பி, அந்த வருஷம் பின்வாங்கி வந்தவங்க காக்கிதானே போட்டிருந்தாங்க? ஜங்கிள் கிரீன் அதுக்கு அப்புறம்தான்” என்றார். பிறகு நட்சத்திரத்தைத் திருப்பினார். பின்புறம் வழவழவென்று இருந்தது. பிரிட்டிஷ் சிப்பாய்க்குக் கொடுத்தது அப்படித்தான் இருக்கும், இந்தியச் சிப்பாய்க்குக் கொடுத்ததில் பெயர் பொறித்திருக்கும் என்றார். போர் நாட்குறிப்பிலும் அதிகாரிகள் பெயர்தான் வரும், சாதாரணச் சிப்பாய் பெயர் வருவது அபூர்வம். பர்மா போர்முனை நாட்குறிப்புகள் லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 172 என்ற வரிசையில் இருக்கின்றன. என் கோப்பில் அப்படி ஓர் ஆவண எண்ணும் இல்லை.

கட்டண ரசீதை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். ‘காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத் தேடல்’ என்று 4,000 ரூபாய். அந்தத் தேடல் இலவசம். அதுவும் போர்ப் பணிக் காலத்தில் இறந்தவர்களின் பட்டியல். தாத்தா எழுபது வயது தாண்டி எங்கள் வீட்டுத் திண்ணையில் காலமானவர்!

ஆய்வாளரிடம் கேட்டதற்கு, “ஆவணங்கள் முரண்படுவது சகஜம் சார்” என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டேன், என் போன் எண்ணை முடக்கிவிட்டார்.

சரி என்று அத்தைக்கு போன் போட்டேன். “அவர் டிரங்குப் பெட்டி பரண்மேல கிடக்குடா, யாரும் கேக்கலியே” என்றார். உள்ளே மடிப்பில் கிழிந்த டிஸ்சார்ஜ் சர்டிபிகேட். படை எண் இருந்தது. சேர்ந்தது 1942 ஜூன். பதக்கம் என்ற இடத்தில் இந்தியாவில் செய்த பணிக்கான இந்தியா சர்வீஸ் மெடல், வார் மெடல், அவ்வளவுதான். பர்மா ஸ்டார் இல்லை.

அந்த எண்ணைப் போட்டு பெங்களூரில் உள்ள படைப்பிரிவின் பதிவு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். அம்மாவிடம் பதக்கத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. பச்சைச் சட்டையை விற்றுவிட்டு, காக்கித் துணி எடுத்திருக்கிறேன்.