ஃபியூஸ் பார்க்க டெஸ்ட் லேம்பா, மல்டிமீட்டரா?

கார் லைட் ஃபியூஸ் போனால், டெஸ்ட் லேம்ப் (கூர்முனையும் கிளிப் வயரும் உள்ள சின்ன பல்பு), மல்டிமீட்டர் (வோல்ட், ஓம்ஸ் அளக்கும் கருவி) இரண்டில் எது கையில் வேண்டும்?

விலை: லேம்ப் மலிவு.

வேகம்: இதிலும் லேம்ப்தான். கிளிப்பை பாடி எர்த்தில் (காரின் வெற்று உலோகப் பகுதியில்) மாட்டி, லைட் சுவிட்சைப் போட்டு, ஃபியூஸ் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளையும் தொடுங்கள். ஒன்றில் மட்டும் எரிந்தால் ஃபியூஸ் போயாச்சு. கழற்றவே வேண்டாம்.

நம்பகம்: களிம்பேறிய வயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டி ஏமாற்றும். லேம்ப் கரண்ட் இழுப்பதால் மங்கிக் காட்டிக்கொடுக்கும். ஏர்பேக், கம்ப்யூட்டர் வயர்களில் மட்டும் லேம்பை வைத்துவிடாதீர்கள்.

ஷார்ட் (கரண்ட் பல்புக்குப் போகாமல் நேராக பாடிக்குப் பாய்வது) தேட: மீட்டர். பேட்டரி இணைப்பையும் பல்பையும் கழற்றிவிட்டு ஓம்ஸ் (மின்தடை) பாருங்கள். இல்லையென்றால் குளிர்ந்த பல்பு இழையே ஷார்ட் மாதிரி தெரியும்.

எப்போதாவது ஒரு ஃபியூஸ் என்றால் லேம்ப் போதும். மாற்றியதும் திரும்பப் போனால் மீட்டர் வாங்குங்கள். 10 ஆம்பியர் இடத்தில் 20 போட்டால் வயர்தான் எரியும்.