கம்பெனி டப்பா, ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை: பழைய ஆல்டோவுக்கு எந்தச் சாமானை எங்கே வாங்குவது?

என் ஆல்டோ 2007 மாடல். மீட்டர் 1,32,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போதெல்லாம் முன்பக்க இடது சக்கரத்திலிருந்து 'கடக்' என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்ததும் பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் அண்ணன் ஜாக்கி போட்டுத் தூக்கி, லோயர் ஆர்முக்கும் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் இரும்புக் கை) சட்டத்துக்கும் நடுவே ஒரு லீவரைக் கொடுத்து நெம்பினார். ஆர்ம் ஒரு விரற்கடை முன்னும் பின்னும் ஆடியது. டார்ச் அடித்துக் காட்டினார். அந்த மூட்டில் இருக்கும் புஷ்ஷின் ரப்பர் வெயிலில் காய்ந்த வற்றல் மாதிரி வெடித்து, நடுவில் இருக்கும் இரும்புக் குழாயை விட்டுப் பிரிந்து கிடந்தது.

"புஷ் போயிடுச்சு சார். கம்பெனில வாங்கலாமா, ஜி.பி. ரோடு போறீங்களா, புதுப்பேட்டைல பாக்கலாமா?"

சென்னையில் பழைய சின்ன கார் வைத்திருக்கும் எல்லாருக்கும் இந்தக் கேள்வி வரும். பலர் விலையை மட்டும் பார்த்து முடிவு செய்கிறார்கள். "என்ன ஆனாலும் ஜெனுயின்தான்" என்று கண்ணை மூடிக்கொள்பவர்களும் உண்டு. என் அனுபவத்தில் இரண்டுமே தப்பு. மூன்று இடத்துக்கும் வேலை இருக்கிறது. எந்தச் சாமானுக்கு எந்த இடம் என்பதில்தான் விஷயம்.

முதலில் மூன்றும் என்னவென்று பார்த்துவிடலாம். கம்பெனி கவுண்டரில் கிடைப்பது மாருதியின் பெயர் போட்ட டப்பா. சேஸிஸ் நம்பரைச் சொன்னால் உங்கள் வண்டிக்கான பார்ட் நம்பரைப் பார்த்து எடுத்துக் கொடுப்பார்கள். பொருந்துமா என்ற சந்தேகமே வராது. விலை கூடுதல். சில சாமானுக்கு ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். இன்ஜின் விஷயத்தில் ஆல்டோக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். 2000ல் ஆல்டோவோடு வந்த 796 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜின் குடும்பம், ஆல்டோ 800 நின்ற 2023 வரைக்கும் ஓடியது. அதனால் இன்ஜின் சாமானுக்குப் பஞ்சமில்லை. பழைய மாடலின் உள் அலங்காரப் பிளாஸ்டிக், பீடிங் போன்றவைதான் இல்லை என்று கைவிரிப்பார்கள்.

ஜி.பி. ரோடு என்பது அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. வரிசையாக ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள். கார் கம்பெனிகள் எல்லாப் பாகத்தையும் தாங்களே செய்வதில்லை. பிரேக், ஸ்டியரிங் மூட்டு, கிளட்ச், ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாம் செய்துகொடுக்கத் தனித்தனி சப்ளையர்கள் இருக்கிறார்கள். அவர்களே தங்கள் பெயரில் டப்பா போட்டுக் கடையிலும் விற்கிறார்கள். இதைச் சென்னைக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். சென்னையின் பாடி பகுதிக்குப் போனால் பிரேக்ஸ் இந்தியாவும் லூகாஸ் டி.வி.எஸ்ஸும் இருக்கின்றன. டை ராடு எண்டு, பால் ஜாயின்ட் போன்ற ஸ்டியரிங், சக்கர மூட்டுகள் என்றால் ரானே பெயரைத் தெரியாத மெக்கானிக் இல்லை. கார் கம்பெனி முத்திரை இல்லாததால் இந்த டப்பாவின் விலை குறைவு. அதே தெருவில் ஊர் பேர் இல்லாத லோக்கல் சாமானும் விற்கும் என்பதை மறக்கக் கூடாது. கடைக்காரரிடம் "குறைஞ்ச விலைல ஏதாவது குடுங்க" என்று கேட்டால் அதுதான் கைக்கு வரும். பிராண்டைச் சொல்லிக் கேளுங்கள்.

மூன்றாவது, கூவம் கரைப் புதுப்பேட்டை. உடைத்த வண்டிகளிலிருந்து கழற்றின சாமான். கதவுகள் புத்தக அலமாரி மாதிரி நிமிர்த்தி அடுக்கப்பட்டிருக்கும். ஜி.பி. ரோட்டிலிருந்து நடந்தே போய்விடலாம்.

எங்கே போவது என்று முடிவு செய்ய நான் இரண்டு கேள்விகள் வைத்திருக்கிறேன். ஓடும்போது இது உடைந்தால் யாருக்காவது அடிபடுமா? இதை மாற்ற எவ்வளவு பிரிக்க வேண்டும்? சாமான் விலை மூன்றாவதாகத்தான் வரும்.

பிரேக்கை எடுத்துக்கொள்வோம். பேட், பின்சக்கர ஷூ, வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் இவற்றில் கழற்றின சாமானுக்கு இடமே கிடையாது. வீல் சிலிண்டரின் உயிரே உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் கப்புதான். வெளியே எவ்வளவு பளபளப்பாகத் துடைத்து வைத்திருந்தாலும் அந்தக் கப்பின் வயது தெரியாது. இங்கே போட்டி கம்பெனி டப்பாவுக்கும் சப்ளையர் டப்பாவுக்கும் மட்டுமே. நான் சப்ளையர் பக்கம். பேடிலும் ஷூவிலும் ஓட்டி எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. மிச்சமாகிற பணத்தில் பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடலாம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறிய ஆயில் மலை இறக்கத்தில் கொதித்து, மிதித்தால் பெடல் தரை வரைக்கும் போகும். பழைய கார்களில் யாருமே திரும்பிப் பார்க்காத விஷயம் இது. டை ராடு எண்டு, பால் ஜாயின்ட்டுக்கும் இதே தீர்ப்புதான்.

ரப்பர் என்று வந்தால் கம்பெனி பக்கம் கட்சி மாறிவிடுகிறேன். இன்ஜின் மவுன்டிங்கை ஒருமுறை கடையில் கிடைத்த லோக்கலில் போட்டேன். பொருந்தியது, விலையும் பாதிக்குக் கீழே. ஆனால் சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங், கண்ணாடி, டேஷ்போர்டு எல்லாம் நடுங்கின. மூன்று சிலிண்டர் இன்ஜினுக்கு ஐட்லிங்கில் இயல்பாகவே அதிர்வு அதிகம். அதை விழுங்குவதுதான் மவுன்டிங்கின் வேலை. லோக்கல் ரப்பர் கல் மாதிரி இருந்தது. நான்கு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு கம்பெனியில் வாங்கி மாற்றினேன். அன்று சாயந்திரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனபோது, "என்னடா, வண்டியை ஆஃப் பண்ணிட்டியா?" என்று சிக்னலில் கேட்டார்.

பெட்ரோல் குழாயும் ரப்பர்தான். பங்கில் இப்போது ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2007ல் செய்த குழாய்கள் அதை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. கையால் வளைத்துப் பார்த்து, மேலே மெல்லிய வெடிப்புக் கோடு தெரிந்தாலே மாற்றிவிடுங்கள். இதில் பேரம் பேச வேண்டாம், கம்பெனி சாமான்தான்.

கிளட்ச் செட், டைமிங் பெல்ட் போன்றவற்றில் இரண்டாவது கேள்விதான் முக்கியம். கிளட்சுக்குக் கியர் பாக்ஸை இறக்க வேண்டும். மட்டமான பிளேட்டைப் போட்டு அது ஒரு வருடத்தில் வழுக்கினால், அதே கூலியை இன்னொரு முறை கொடுக்க வேண்டும். நல்ல சப்ளையர் செட், கூடவே ரிலீஸ் பேரிங். பெல்ட் மாற்றும்போது அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் அந்தப் பக்கத்து ஆயில் சீலையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். "சீல் நல்லாத்தான் இருக்கு" என்று விட்டுவிட்டால், ஆறு மாதத்தில் அது கசிந்து புது பெல்ட்டையும் நனைக்கும்.

புதுப்பேட்டைக்கு எப்போது போவது? தகரம், கண்ணாடி, பிளாஸ்டிக். இவற்றை அடித்துக்கொள்ள வேறு இடம் இல்லை. போன வருடம் பைக்கில் வந்த ஒருவர் உரசி என் இடது பக்க மிரர் உடைந்தது.

"பாய், ஆல்டோ லெஃப்ட் மிரர் இருக்கா?"

"எந்த வருஷ மாடல்? என்ன கலர்?"

சில்க்கி சில்வர் என்றேன். உள்ளே போனவர் ஐந்து நிமிடத்தில் நான்கு மிரரோடு வந்தார். ஒன்றில் கண்ணாடி மங்கல், ஒன்றில் அட்ஜஸ்ட் பண்ணும் குச்சி உடைசல். மூன்றாவதை வண்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தால், அதே அளவு வெயில் குடித்த அதே சில்வர். புது மிரர் வாங்கியிருந்தால் கலர் தனித்துத் தெரிந்திருக்கும், பெயின்டிங் செலவும் சேர்ந்திருக்கும். கதவு, டிக்கி, பம்பருக்கும் இதே கணக்குதான். டிங்கரிங் செய்து பட்டி பூசி பெயின்ட் அடிப்பதைவிட, துருப்பிடிக்காத ஒரிஜினல் கதவு எவ்வளவோ மேல். கதவின் அடி விளிம்பைத் திருப்பி, உள்மடிப்பில் கை விட்டுத் தடவிப் பாருங்கள். துரு அங்கேதான் ஒளிந்திருக்கும். காந்தம் ஒன்று கொண்டுபோனால் பட்டி பூசிய இடமும் தெரிந்துவிடும்.

அங்கே நான் வாங்கவே வாங்காதவை: சென்சார்கள், ஃபியூவல் பம்ப், டயர். சென்சாரைக் கடையில் ஓட்டிப் பார்க்க வழியில்லை, திரும்பவும் எடுக்க மாட்டார்கள். டயரின் பட்டன் (தரையில் படும் வரிப்பள்ளம்) எவ்வளவு ஆழமாக இருந்தாலும், பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், அதைப் பாருங்கள். 2316 என்றால் 2016ன் 23வது வாரத்தில் செய்தது. ரப்பருக்கு வயதாகிவிட்டது என்று அர்த்தம்.

ஹாஃப் இன்ஜின் (மேல் ஹெட் இல்லாத இன்ஜினின் அடிப்பாகம்) விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். புகை கக்கும் இன்ஜினுக்கு போர், ரிங் வேலை பார்ப்பதைவிட மலிவு என்று ஆசை காட்டுவார்கள். ஆனால் இன்ஜின் நம்பர் ஆர்.சி.யில் இருக்கிறது. பில்லும் பழைய வண்டியின் காகிதமும் இல்லாமல் வாங்கி மாட்டினால், 15 வயது தாண்டிய காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. (தகுதிச் சோதனை) காட்டி ஆர்.சி. புதுப்பிக்கும்போது ஆர்.டி.ஓ. ஆபீசில் நிற்க வேண்டிவரும். அது திருட்டு வண்டியின் இன்ஜினாக இருந்துவிட்டால் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போகும்.

ரீகண்டிஷன் என்று ஒரு நடுவழியும் உண்டு. ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டருக்கு அது நல்ல வழி. கார்பன் பிரஷ்ஷும் பேரிங்கும் மாற்றினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், எலக்ட்ரீஷியன் நம் கண் முன்னாலேயே ஓட்டிக் காட்டுவார். ராடியேட்டருக்கு அது செல்லாது. அந்தக் காலப் பித்தளை ராடியேட்டரைப் பிரித்து ராடு அடித்து, பற்றவைத்து மாட்டுவார்கள். அலுமினியத்தில் பிளாஸ்டிக் டேங்க் வைத்தது விரிசல் விட்டால் புதுசுதான்.

வண்டி சூடாகிறது என்றால் சாமானே வாங்காமல் இன்னொன்று செய்வார்கள். தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு, "நம்ம ஊரு வெயிலுக்கு இது தேவையில்ல சார்" என்பார்கள். இதை ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த வால்வு 80 டிகிரிக்கு மேல்தான் திறக்கும். இன்ஜின் சீக்கிரம் தன் சூட்டுக்கு வந்து அங்கேயே நிற்பதற்காக வைத்தது. அது இல்லாவிட்டால் இன்ஜின் இன்னும் குளிர்ந்திருப்பதாக நினைத்து பெட்ரோல் அளவைக் கணக்கிடும் எம்.பி.எஃப்.ஐ. கம்ப்யூட்டர் அதைக் கூடுதலாக ஊற்றும். மைலேஜ் இறங்கும். வண்டி சூடானதற்கான உண்மையான காரணம், அடைத்த ராடியேட்டரோ ஓடாத ஃபேனோ, அப்படியே இருக்கும். புது வால்வு போட்டு, பச்சைத் தண்ணீருக்குப் பதில் கூலன்ட் ஊற்றுங்கள்.

சரி, லோயர் ஆர்ம் என்ன ஆயிற்று? புஷ்ஷும் ரப்பர்தான், ஆனால் கம்பெனியில் ஆர்மையே முழுசாக மாற்றச் சொன்னார்கள். புதுப்பேட்டையில் ஆர்ம் மலிவாகவே கிடைத்தது, ஆனால் அதிலும் இருப்பது அதே வயது ரப்பர். என் ஆர்ம் வளையவில்லை, பால் ஜாயின்ட்டிலும் ஆட்டம் இல்லை. ஜி.பி. ரோட்டில் பெயருள்ள புஷ் இரண்டு பக்கத்துக்கும் வாங்கி, பிரஸ் வைத்திருக்கும் பட்டறையில் ஏற்றினோம். சுத்தியலால் அடித்து ஏற்றினால் புது ரப்பர் அன்றைக்கே கிழியும். நட்டை முழுதாக முறுக்கியது, வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கிச் சக்கரம் தரையில் ஊன்றிய பிறகுதான். தூக்கிய நிலையில் முறுக்கினால் ரப்பர் எப்போதும் திருகியே நிற்கும், சீக்கிரம் கிழியும். அப்புறம் வீல் அலைன்மென்ட்.

அடுத்து எஃப்.சி.க்கு முன்னால் வலது ஹெட்லைட்டைப் பார்க்க வேண்டும், கண்ணாடி மஞ்சளடித்துக் கிடக்கிறது. பாலிஷ் போட்டுப் பார்ப்பேன். தெளியவில்லை என்றால் பாயிடம்தான் போக வேண்டும்.